மணத்தை நிறுக்கும் துலாக்கோல்

'நாற்றம்' என்னுஞ் சொல் பண்டை வழக்கில் நறுமணத்தையே பெரிதுஞ் சுட்டியது. இக்காலத்தில் மலர் சூடிய மங்கையொருத்தியை நோக்கி, "உன் கூந்தல் நாறுகின்றது" என்று புலவரொருவர் வாழ்த்துவாராயின் அவர் பாடு பெரும்பாடாகும். சொல் இவ்வாறு இழிந்ததாயினும் அது குறித்த நிகழ்ச்சி மாறிற்றில்லை. நறுமணமாயினும் தீநாற்றமாயினும், ஒரு பொருளினின்றும் பிரிந்து காற்றிலேறிய நுண்கூறுகள் நம் மூக்கினுட் புகுந்து படுதலினாலேயே உணரப்படுகின்றது. ஆகவே மணக்கும் பொருள் யாதாயினும் அது தன்னைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கும் பொருளேயாம். இழப்பு உளதாயின் நிறையிற் குறைவு உளதாதல் வேண்டும். குறைவு உளதாயின் அதனைத் தராசிலிட்டு அறிதலுங் கூடும். வீட்டுப் பாவனைப் பொருள்களினின்றும் காற்றிற் கலக்கும் ஆவிகளை அளந்து அதன்மேற் சட்டஞ் செய்தோர் இவ்வெளிய நியாயத்தினின்றே தொடங்கினர். அங்ஙனந் தொடங்கியது பின்னர் எத்துணைச் சிக்கலுற்றது என்பதையே ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

இங்ஙனம் ஆவியாய்ப் பறக்கும் காபன் சேர்வைகளை நம் நாட்டு இரசாயன நூலார் 'ஆவிப்பறப்புள்ள சேதனச் சேர்வைகள்' என்பர். தமிழகத்தார் 'எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்' என வழங்குவதும் இவற்றையே. 'சேதனம்' என்ற சொல்லைக் கண்டு, இவை உயிருள்ளனவோ என ஐயுறும் மாணாக்கர் உளர். உயிர்ப்பொருள்களிலேதான் இவை பிறக்கும் என்று முற்காலத்தோர் எண்ணியமையால் அப்பெயர் நின்றது. 1828ஆம் ஆண்டில் வோலர் என்னும் செருமானிய அறிஞர் யூரியாவை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டிய பின்னரும் பெயர் மாறவில்லை. பெயர் நீண்டதாயினும் பொருள்கள் நமக்கு அயலானவையல்ல. நகப்பூச்சை அழிக்கும் அசற்றோன், வாசனைத் தைலத்திற் சேரும் அற்ககோல், தீந்தையை இளக்கும் டர்ப்பன்டைன், தோடம்பழத் தோலிலுள்ள லிமொனீன், பெட்டகத்துட் பட்டுப் புடைவைகளுக்குக் காவலாக இடும் பூச்சி உருண்டையின் நப்தலீன் ஆகிய யாவும் இவ்வினத்தனவே.

இவற்றை ஏன் அளத்தல் வேண்டும்? இவ்வினாவுக்குரிய விடை அமெரிக்காவின் மேலைக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலே தொடங்குகின்றது. 1943ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் அந்நகரைப் பழுப்பு நிறமான மூட்டமொன்று கவிந்தது. கண்கள் எரிந்து நீர் சொரிந்தன, தொண்டை கரகரத்தது, மூன்று தெருக்கட்டுகளுக்கு அப்பால் உள்ளன புலப்படவில்லை. உலகப்போர் நடந்த காலமாதலின், யப்பானியர் நச்சுவாயுவை ஏவினர் என்று அஞ்சினாரும் உளர். பின்னர் நகரிடையே இருந்த செயற்கை இறப்பர்த் தொழிலுக்குரிய ஆலையொன்றின்மீது பழி வீழ்ந்தது. அவ்வாலையை மூடிவைத்தும் மூட்டம் மீண்டும் வந்தது. குப்பையை வீட்டுப் புறக்கடையிற் கொளுத்துவதே காரணம் என்றனர் சிலர். அவ்வழக்கமும் 1957ஆம் ஆண்டிலே தடுக்கப்பட்டது. அப்பொழுதும் மூட்டம் நீங்கிற்றில்லை.

'ஸ்மொக்' என்று ஆங்கிலேயர் வழங்கும் சொல் புகையையும் மூடுபனியையுங் குறிக்கும் அவர்தம் இரு சொற்களை ஒட்டி இலண்டனிற் படைக்கப்பெற்றது. புகைப்பனி எனத் தமிழிற் கூறலாம். இலண்டனுக்கு அது பொருந்திய பெயரே. ஆங்கு நிலக்கரியின் கந்தகப் புகை குளிரோடும் ஈரத்தோடுங் கூடிக் கவியும். 1952ஆம் ஆண்டு டிசெம்பரில் அது பல்லாயிரவர் உயிரைக் கொண்டது. லொஸ் ஏஞ்சலிஸ் மூட்டத்துக்கோ அப்பெயர் இரவற் பெயர். அது புகையுமன்று, பனியுமன்று. நல்ல வெயில் எறிக்கும் நண்பகலிலேதான் அது முற்றியது. வெயிலால் விலகவேண்டிய மூட்டம் வெயிலால் வளர்வதேன்? இதனை விடுவித்தவர் மணங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஓர் உயிரிரசாயன அறிஞர்.

ஆரி ஹாகன்-ஸ்மிற் என்னும் அவ்வறிஞர் 1900ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் உத்திரெக்ற்று நகரிற் பிறந்தவர்; பசடீனாவிலுள்ள கலிபோர்ணியத் தொழினுட்ப நிறுவனத்திற் பேராசிரியராக இருந்தவர். அன்னாசிப்பழத்துக்கு அதன் மணத்தைத் தரும் ஆவிகள் யாவை என்பதே அவர் அக்காலத்தில் ஆய்ந்த பொருள். கனியின் ஆவியைக் கடுங்குளிரூட்டிய குழாய்களுட் செலுத்தி உறையச்செய்து, உறைந்ததைக் கூறுகூறாகப் பிரித்து, இன்ன சேர்வை இத்துணை என்று துணிவது அவர்தம் முறை. 1945ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளியாயிற்று. ஊர்க்காற்றையும் ஒருகாற் பார்த்தருள்க என்று அவரை வேண்டினர். அன்னாசிக்கு வைத்த அதே குழாய்களை அவர் காற்றுக்கு வைத்தார். பெரும்பாலும் நீரே உறைந்தது. நீரோடு சில துளியாகப் பழுப்பு நிறமுடைய, மூக்கைத் துளைக்கும் திரவமொன்று எஞ்சியது. அதனுள் அல்டிகைட்டுகளும் சேதன அமிலங்களும் இருந்தன. இவை எந்த ஆலையின் புகைபோக்கியினின்றும் அவ்வடிவில் வெளிப்படுவனவல்ல. காற்றிலேயே ஏதோ சமையல் நடக்கின்றது என்பதை அவர் உய்த்துணர்ந்தார்.

அச்சமையலின் செய்கை வருமாறு: வண்டிகளின் புகையிலுள்ள நைதரசனீரொட்சைட்டு வெயிலொளியாற் பிளவுற்று ஒட்சிசன் அணுவொன்றை விடுகின்றது. அவ்வணு காற்றின் ஒட்சிசன் மூலக்கூற்றோடு கூடி ஓசோன் ஆகின்றது. காற்று வேறொன்றும் கலவாததாயின், அந்த ஓசோன் எஞ்சிய நைதரிக்கொட்சைட்டோடு எதிர்ந்து பழையபடி மறைந்தொழியும். வரவுஞ் செலவும் ஒத்துநிற்கும். சேதன ஆவிகள் இடையே புகுந்தால் இக்கணக்குக் குலைகின்றது. ஓசோன் செய்யவேண்டிய தொழிலை அவற்றின் சிதைவுகள் தாமே செய்துவிடுகின்றன. செலவாகவேண்டிய ஓசோன் செலவாகாது தேங்குகின்றது. தேங்கிய ஓசோனே கண்ணை எரித்தலோடும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கித் தொய்வு நோயினரை வருத்துதலோடும் பயிரிலையையும் கருக்கும் பொருள்களுள் தலையாயது. பெற்றோல் ஆவியையும் நைதரசன் ஒட்சைட்டுகளையும் கலந்து ஒளியிலே வைத்து, கீரையிலைகளில் ஊர்ப்புறத்திற் கண்ட அதே வடுக்களை ஹாகன்-ஸ்மிற் தோற்றுவித்துக் காட்டினார்.

ஓசோனை அளக்க அவர் குழுவினர் கையாண்ட கருவி நம் நாட்டார்க்கு இனிய செய்தியாகும். வளைத்துக் கட்டிய இறப்பர்த் துண்டே அக்கருவி. இழுவையுற்ற இறப்பர் ஓசோன் பட்டால் வெடிக்கும். வெடிப்புத் தோன்ற எத்தனை நிமிடஞ் சென்றது என்று எண்ணி, காற்றில் ஓசோன் எவ்வளவு உண்டு என மதிப்பிட்டனர். அந்நகரில் வண்டிச் சில்லுகள் விரைவில் வெடிப்பது ஏன் என்ற நெடுநாளைய ஐயமும் அத்தோடு தீர்ந்தது.

எண்ணெய் வணிகரின் பொருளுதவி பெற்ற வேறோர் ஆய்வுநிலையத்தார் அவர் கூற்றை மறுத்தனர். மறுப்பு அவரை ஓயச் செய்யவில்லை. அன்னாசியை முற்றாகக் கைவிட்டு மூட்டத்தின் பின்னே செல்லச் செய்தது. 1952ஆம் ஆண்டில் அவர்தம் பெருங்கட்டுரை வெளிவந்தது. 1968ஆம் ஆண்டில் கலிபோர்ணிய வான்வள மன்றத்தின் முதற்றலைவராக அவரே அமர்ந்தார். 1977ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். எல் மொன்ரி என்னும் ஊரில் அம்மன்றம் நடத்திய ஆய்வுகூடம் பல்லாண்டு அவர் பெயரையே தாங்கியிருந்தது. 2021ஆம் ஆண்டில் அது றிவர்சைட் நகருக்குப் பெயர்ந்தது.

முதலில் வண்டிகளும் எண்ணெயாலைகளுமே கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. வண்டிப் புகையைத் தூயதாக்கும் ஊக்கிக் கலங்கள் 1975 முதல் பொருத்தப்பட்டன. பெரிய வாயில் ஒவ்வொன்றாக அடைபட, அதுகாறும் எவரும் பொருட்படுத்தாத சிறு துவாரங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. கோடிக்கணக்கான வீடுகளில் நாடோறும் விசிறப்படும் கூந்தல் ஸ்பிரே, அக்குட் பூசும் டியோடரன்ற், கண்ணாடி துடைக்கும் நீர்மம், நிலத்துக்கிடும் பொலிஷ் என்பனவற்றின் ஆவியும் அதே வானத்துக்கே செல்கின்றது அன்றோ? 1988ஆம் ஆண்டுச் சட்டமொன்று இவற்றையும் அடக்குமாறு மன்றத்தைப் பணித்தது. 1989ஆம் ஆண்டில் வியர்வை நாற்றம் போக்கும் பொருள்களுக்கும், 1990இல் ஏனைய பல பொருள்களுக்கும் எல்லை விதிக்கப்பட்டது. கூந்தல் ஸ்பிரேயில் இவ்வாவிகள் நூற்றுக்கு 80 பங்கின் மேற்படலாகாது என்பது 1993இல் வந்த விதி. 1999இல் அது 55 ஆகக் குறைந்தது. ஒப்பனையாளர் முணுமுணுத்தனர். அற்ககோலைக் குறைத்து நீரைக் கூட்டினால் உலரச் சுணங்கும்; உலரச் சுணங்கினால் சுருள்வித்த கூந்தல் சரியும். கூந்தலுக்கும் நுரையீரலுக்கும் இடையே நடந்த வழக்கு இது.

இவ்விடத்தில் ஒரு முரணையுங் குறித்தல் தகும். ஸ்பிரேக் கலங்களில் முன்னாளில் உந்துவாயுவாக இருந்தது குளோரோபுளோரோகாபன். அது வானுயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்போர் 1974ஆம் ஆண்டிற் கூறினர். 1978இல் அமெரிக்கா அதனை ஸ்பிரேக்களிற் பெரும்பாலும் விலக்கியது. அதன் இடத்துக்கு வந்தவை பியூற்றேனும் புரொப்பேனும். மேலுள்ள நல்லோசோனைக் காக்க வந்த இவை கீழே தீயோசோனைப் பெருக்குதற்கு உதவின. ஓசோன் ஒன்றே, அது நிற்கும் இடமே அதனை அமுதும் நஞ்சும் ஆக்குகின்றது.

இனி, எல்லை விதித்தால் மட்டும் போதாது; அஃது அளவையால் நிறுவப்படல் வேண்டும். கடையில் வாங்கிய போத்தலில் 55 பங்கே உண்டு என்பதை யார் எவ்வாறு நிச்சயிப்பது? இதற்கென 1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டதே '310ஆம் முறை' எனப்படுவது. மன்றத்தின் அலுவலர் கடைத்தட்டிலிருந்து பொருளை வாங்கி வருவர். ஸ்பிரேயாயின் முதலில் கலத்தைத் துளைத்து உந்துவாயுவை வேறாக வாங்கி, அதன் கூறுகளை ஆய்ந்து, கலத்தின் நிறைக்குறைவையும் குறித்துக்கொள்வர். பின்பு எஞ்சிய நீர்மத்திலே அரைக் கிராம் அளவினதாகிய ஒரு துளியை மெல்லிய அலுமினியத் தட்டிலிட்டு, செம்மையாக நிறுத்து, 110 பாகை செல்சியசு வெப்பமுள்ள சூளையில் ஒரு மணி நேரம் வைப்பர். எடுத்து ஆறவிட்டு மீண்டும் நிறுப்பர். குறைந்தது எத்துணையோ அத்துணையும் பறந்தது. பொற்கொல்லன் உலைக்களத்திலே பொன்னைப் புடமிட்டு அழுக்கின் நிறையை அறிவதும் இதனை ஒத்ததே.

ஆயினும் பறந்தவெல்லாம் குற்றவாளிகள் அல்ல. நீரும் பறந்திருக்கும், அதன்மேற் குற்றமில்லை. அமோனியாவும் பறந்திருக்கும், அதிற் காபன் இல்லை. இவற்றைக் கழித்தல் வேண்டும். நீரை அளப்பதற்குக் கார்ல் பிஷர் என்னும் செருமானியர் 1935ஆம் ஆண்டிற் கண்ட நியமிப்பு முறை கைகொடுக்கின்றது. அயடீனும் கந்தகவீரொட்சைட்டும் ஒன்றோடொன்று முற்ற எதிர்வதற்கு நீர் இன்றியமையாதது. நீர் உள்ளவரை அயடீன் மறைந்துகொண்டே போகும். நீர் தீர்ந்தவுடன் அயடீன் எஞ்சித் தன் பழுப்பு நிறத்தைக் காட்டும். செலவான அயடீனைக் கொண்டு இருந்த நீரைக் கணிப்பர். மதுவில் நீர் கலந்தவனை அகப்படுத்த இதனினும் நல்ல சாட்சி இல்லை.

அசற்றோனின் கதை வேறு. அது காபன் சேர்வையே, விரைந்து பறப்பதே. ஆயினும் வெயிலில் மிக மெதுவாக எதிர்வதனால் ஓசோனை ஆக்குவதில் மந்தமானது என்று கண்டு, 1995ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகமை அதற்கு விலக்களித்தது. ஆகவே அதனையும் கழித்தல் வேண்டும். பல ஆவிகள் கலந்த கூட்டத்தினின்று அதனை எவ்வாறு பிரித்தறிவது? வாயு நிறப்பதிவியல் என்னுங் கலை இதற்கு உதவுகின்றது. தாவரப் பசுமையிலுள்ள நிறங்களைத் தூளடைத்த குழாயில் ஊற்றிப் பட்டைபட்டையாகப் பிரித்துக் காட்டியவர் மிக்கேல் த்ஸ்வெற் என்னும் உருசியர். 1903ஆம் ஆண்டில் அதனை வார்சோவில் முதலில் அறிவித்தார். உருசிய மொழியில் 'த்ஸ்வெற்' என்பதற்கு நிறம் என்பது பொருள். நிறப்பதிவியல் என்று கலைக்குப் பெயரிட்டவர் நிறத்தை எண்ணினாரோ தம் பெயரை எண்ணினாரோ, யாரறிவார்! அம்முறையை ஆவிகளுக்கு ஏற்றவாறு அமைத்தவர் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் ஆங்கிலேயர் இருவர். நீண்ட நுண்குழாயின் வழியே ஆவிக்கூட்டத்தை மென்காற்றொன்று தள்ளிச்செல்லும். குழாயின் உட்பூச்சிலே தங்கித்தங்கிச் செல்வன பின்தங்கும், தங்காதன முந்தும். தேர்த்திருவிழாவிற் கடைவீதியைக் கடக்கும் கூட்டம்போல, ஒன்றாகப் புகுந்தவை வெவ்வேறு வேளையில் வெளிப்படும். அவர்களுடைய கட்டுரை வந்த ஆண்டும் 1952. ஹாகன்-ஸ்மிற்றின் பெருங்கட்டுரை வந்ததும் அவ்வாண்டே. பரிசோதனையும் அதற்குரிய கண்ணும் ஒரே ஆண்டிற் பிறந்தன.

மொத்தப் பறப்பினின்று நீரையும் விலக்குப் பெற்றவற்றையும் கழித்தால் எஞ்சுவது குற்றவளவு. கழித்தற் கணக்கு சிறுவரும் செய்வது. ஆயினும் இக்கழித்தலில் ஒரு பொறி உண்டு. ஆசிரியர்கள் தம் மாணாக்கர்க்குக் காட்டத்தக்கது. ஒரு துடைப்பு நீர்மத்திற் பறந்தது நூற்றுக்கு 96 என்றும், அதிலே நீர் 94 என்றும் கொள்வோம். எஞ்சுவது 2. நீரை அளந்தவர் ஒரே பங்கு பிழைத்து 93 என்று எழுதிவிட்டால் எஞ்சுவது 3 ஆகும். நீரிற் பிழை நூற்றுக்கு ஒன்றளவே. விடையிலோ பிழை பாதிக்குப் பாதி. இரு பேரெண்களைக் கழித்துச் சிற்றெண்ணைக் காணும் இடமெல்லாம் இவ்விடர் நிற்கும். எல்லையை இறுக்க இறுக்கப் பொருள்களில் நீர் மிகுந்தது; நீர் மிக மிக அளவை தளர்ந்தது. சட்டத்தின் வெற்றியே சட்டத்தின் தராசைத் தடுமாறச் செய்தது. ஆகையால் ஆவிகளைக் கழித்துக் காணாது நேரே ஒவ்வொன்றாக எண்ணும் முறைகளை இரசாயனர் நாடலாயினர்.

இதனினும் பெரிய சிக்கல் 'பறத்தல்' என்ற சொல்லின் எல்லையிலே பிறந்தது. எல்லாத் திரவமும் ஏதோ ஒரு வேகத்திற் பறக்கும். எவ்வளவு பறந்தால் 'பறப்பது' எனலாம்? 20 பாகை வெப்பநிலையில் ஆவியமுக்கம் 0.1 மில்லிமீற்றர் இரசத்துக்குக் குறைந்ததெனின் அது பறவாதது என்று கொள்க என்றது கலிபோர்ணிய விதி. அமுக்கம் அறியப்படாதாயின் கொதிநிலை 216 பாகையைக் கடத்தல் போதும் என்றது. ஐரோப்பியர் தம் தீந்தைகளுக்கு 2004ஆம் ஆண்டில் வகுத்த விதியோ 250 பாகை வரை கொதிப்பதெல்லாம் பறப்பதே என்றது. புரொப்பிலீன் கிளைக்கோல் என்னும் திரவம் 188 பாகையிற் கொதிக்கும். ஐரோப்பியத் தீந்தையில் அது பறப்பது. அதன் ஆவியமுக்கம் 0.1க்குச் சற்றே குறைந்தது. கலிபோர்ணியக் கணக்கில் அது பறவாதது. திரவம் இரண்டு கரையிலும் ஒரே வண்ணமே பறந்துகொண்டிருக்கின்றது! வரைவிலக்கணம் வகுப்போர் கைகளிலே பொருளின் இயல்பு படும் பாட்டை இலக்கணம் கற்றார்க்கு விரித்துரைத்தல் வேண்டா.

உண்மை யாதெனப் பார்க்கத் துணிந்தோர் சூளையை விட்டுத் திறந்த அறையிலே தட்டுகளை வைத்து ஆறு திங்கள் காத்திருந்தனர். 2014ஆம் ஆண்டில் அம்முடிபு வெளியாயிற்று. 'பறவாதன' என்று விலக்குப் பெற்றவற்றுட் பல, அவற்றால் நீக்கப்பட்ட பழைய கரைப்பான்களோடு ஏறக்குறைய ஒத்த விரைவிலேயே பறந்துபோயின. விலக்கின் நிழலில் ஒதுங்கிய பொருள்கள் வானத்துக்குச் சென்றுகொண்டேயிருந்தன. ஏட்டிலே மட்டும் அவை சுழியமாக நின்றன. அளவை பிழைத்ததன்று, எதனை அளப்பது என்ற தீர்மானமே பிழைத்தது. இதனை நாம் சட்டத்தார்மேல் வன்மையான குற்றமாகவே கொள்வோம். வாங்குவோன் சிட்டையைப் பார்த்துத் தூயதென்று நம்பி வாங்குகின்றான். அவன் குழந்தை மூச்சிழுக்கும்போது சிட்டையைப் படிப்பதில்லை.

வானத்தின் கதை இஃதாக, வீட்டினுட் கதை தனியே நடந்தது. 1980களில் லான்ஸ் வொலஸ் என்பாரும் அவர் துணைவரும் சுற்றாடற் பாதுகாப்பு முகமைக்காகப் பேராய்வொன்று நிகழ்த்தினர். நியூ ஜேர்சியில் இரசாயன ஆலைகள் செறிந்த பேயோன், எலிசபெத் என்னும் நகர்களிலும் பிறவிடங்களிலும் அறுநூற்றுவர் அளவினர் சிறு உறிஞ்சுகருவியொன்றை உடலிலே தாங்கித் தம் அன்றாடத் தொழிலைச் செய்தனர். அவர்கள் இழுத்த காற்றின் ஆவிகள் ரெனாக்ஸ் என்னும் பொடியிலே படிந்தன. பொடியைச் சுடவைத்து ஆவியை மீட்டு நிறப்பதிவுக் குழாயுட் செலுத்தினர். விட்ட மூச்சையும் அளந்தனர். ஆலைக்கு அண்மையில் வாழ்வோரே மிகுதியாக நுகர்வர் என்பது எல்லாரும் எதிர்பார்த்த விடை. கிடைத்த விடை அதுவன்று. ஆலை அருகிருப்பினும் தொலைவிருப்பினும், வெளிக்காற்றினும் வீட்டினுட் காற்றிலேயே பல ஆவிகள் இரண்டு முதல் ஐந்து மடங்கு மிகுந்திருந்தன. பூச்சி உருண்டையினின்றும் மலசலகூட மணவில்லையினின்றும் பராடைகுளோரோபென்சீன் வந்தது. உலர்சலவை செய்த ஆடையினின்றும் கரைப்பான் வந்தது. வெந்நீர் நீராடலினின்றும் குளோரோபோம் வந்தது. சுருட்டுப் புகையினின்றும் பென்சீன் வந்தது. பகைவனைக் கோட்டை மதிலுக்கு வெளியே தேடியோர் அவனைப் பள்ளியறையிலே கண்டனர்.

இயற்கைப் பொருளாயின் தீங்கில்லை என்பார்க்கும் ஒரு சொல். தோடம்பழத் தோலை மெழுகுதிரிச் சுடரருகே பிதுக்கிச் சிறுவர் பொறி பறக்க விளையாடுவர். அப்பொறி லிமொனீனின் எரிவே. அப்பழத்தோல் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டது அதுவே. 'எலுமிச்சை மணம்' எனப் பொறித்த துடைப்பு நீர்மங்களில் அது பெரிதும் சேரும். வீட்டுக்குள் ஓசோன் சிறிதளவு புகுந்திருப்பின் லிமொனீன் அதனோடு எதிர்ந்து போமல்டிகைட்டையும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களையும் பிறப்பிக்கின்றது. போத்தலிலே போமல்டிகைட்டு ஒரு துளியும் இல்லை. சூளையும் தராசும் அதனைக் காணமாட்டா. கலந்த பின்னர்ப் பிறப்பதனைக் கலத்திலே தேடி என் பயன்? நுளம்புச் சுருளின் செய்தி இதற்கு மறுதலை. அதிற் புகையே பொருள். 2003ஆம் ஆண்டில் வெளியான அளவைப்படி ஒரு சுருள் எரிந்து முடிய விடும் போமல்டிகைட்டு 51 சிகரெட்டுகள் விடுவதற்கு ஒப்பாதலும் உண்டு. நுண்துகளோ 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஒப்பு. யன்னலைச் சாத்திக்கொண்டு அதனைக் கொளுத்துவோர் இவ்வெண்களை ஒருகால் எண்ணுக.

2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரையன் மக்டொனல்ட் முதலிய அறிஞர் வெளியிட்ட கணக்கு அமெரிக்காவிற் பேசப்பட்ட ஒன்று. தீந்தை, மை, பசை, துடைப்பு நீர்மம், பூச்சிகொல்லி, ஒப்பனைப் பொருள் என்பனவற்றை ஒருங்கே சேர்த்து நோக்கினர். எரிபொருளாகச் செலவிடும் எண்ணெய் நிறையில் இவற்றைப்போற் பதினைந்து மடங்கு. இருந்தும் தொழில்வள நகரங்களில் எண்ணெய்வழி வந்த சேதன ஆவிகளுள் ஏறக்குறையப் பாதி இப்பொருள்களினின்றே வருகின்றது என்பது அவர் முடிபு. வியப்பு எனினும் காரணம் எளிது. பெற்றோல் அடைத்த கலத்திலிருந்து எரிந்து போகவேண்டுவது. வாசனைத் தைலம் பறந்து போகவேண்டுவது. பறத்தலே அதற்கிட்ட தொழிலாயின் அது தன் தொழிலைச் செவ்வனே செய்கின்றது.

பாண்டியன் தேவியின் கூந்தல் மணம் இயற்கையோ செயற்கையோ என்ற ஐயமும், தருமியின் பொற்கிழியும், நக்கீரனார் வழக்கும் திருவிளையாடற் புராணங் கற்ற யாவர்க்கும் தெரிந்தவை. மணத்தின் பிறப்பிடம் எது என்பதே ஆங்கு எழுந்த வினா. கூந்தலுக்கு மணம் மலராலும் தைலத்தாலும் ஏறியதே என்று நக்கீரனார் நின்றார். கொலராடோவிலுள்ள போல்டர் நகரில் மத்தியூ கொகன் என்பாரும் அவர் துணைவரும் இதனையொத்த வினாவுக்கு விடை தேடி அதனையும் 2018இல் வெளியிட்டனர். நகர்க்காற்றிலே ஒரு சிலிக்கன் சேர்வை விடியற்காலையிலே திடீரென உயர்ந்து, பகல் ஏற ஏறக் குறைந்து வருவதை அவர்தம் கருவி காட்டியது. 'டீ5' எனச் சுருங்க வழங்கும் அச்சேர்வை டியோடரன்றிலும் கூந்தற் பூச்சிலும் சேர்வது. நீராடி, பூசி, உடுத்து, வண்டியேறி அலுவலகம் செல்வோரின் மேனியினின்றே அது நகரமெங்கும் பரந்தது. அக்காலை வேளையிற் காற்றிலேறிய அதன் அளவு வண்டிகளின் புகையினின்று வந்த பென்சீனின் அளவை ஒத்திருந்தது. கனடாவின் ரொறன்ரோ நகரிலும் அவ்வாறே கண்டனர்.

முழுதும் மெதைல் ஏறிய சிலொக்சேன்கள் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது அந்த டீ5. ஓசோனை ஆக்காத குடும்பம் என்று கண்டு 1994ஆம் ஆண்டிலேயே அதற்கு விலக்களித்தனர். ஒரு நகரத்தார் காலைக் குளியலை வானத்திலே காட்டிய அந்த ஆவி, 310ஆம் முறையின் கணக்கிலே நீரோடும் அசற்றோனோடும் சேர்த்துக் கழிக்கப்படுகின்றது.